கதவு திறந்திருந்தால் கதை வந்துவிடும்

"எல்லாம் சரி, இதுல கதை என்ன?"

நடனத்தையும் சினிமாவையும் சேர்த்து ஏதாவது புதிதாக முயன்று பார்க்கிற எல்லாருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். எங்களிடம் கேட்டவர் ஒரு திரைப்பட விழாவின் தேர்வுக் குழுவில் இருந்தவர். நானும் நடனம் அமைத்த தோழியும் ஒரே குரலில் "கதை இல்லை சார், இது உடம்பைப் பற்றிய படம்" என்றோம். அன்றைக்கு அது ரொம்பக் கம்பீரமான பதிலாகத் தோன்றியது. இரண்டு வருடம் கழித்து, அது தப்பான பதில் என்று படுகிறது. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

எங்கள் படம் ஆறு நிமிடம். ஒரு பெண் நாற்காலியிலிருந்து எழுகிறாள், உட்காருகிறாள். ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் எழுவது மாறும். முதலில் முதுகு முன்னால் சாயும். அடுத்து முழங்கால் நீளும். ஐந்தாவது தடவை வலது கை மட்டும் எழும். உடம்பு நாற்காலியிலேயே தங்கிவிடும். ஒத்திகையில், வெறும் தரையில், அது சுத்தமான லயமாக இருந்தது. நிருத்தம், அதாவது பொருள் சொல்லாத வெறும் ஆட்டம், பார்ப்பதுபோலப் பார்த்தோம். ஏன் எழுகிறாள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

படம்பிடித்த அறையில் அவளுக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது. காற்று வரட்டும் என்று யாரோ திறந்துவைத்திருந்தார்கள். எடிட்டிங் முடிந்து நாலு பேருக்குப் போட்டுக் காட்டினால், நாலு பேரும் கதவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். "யாருக்காகக் காத்திருக்கா?" என்றார் ஒருவர். "போகணும்னு நினைக்கிறா, கால் வரல" என்றார் இன்னொருவர். அந்தக் கதையை நாங்கள் வைக்கவில்லை. கதவு வைத்தது.

மேடையில் ஆடுகிறவர் நிற்கும் இடம் மேடை, அவ்வளவுதான். கேமரா வந்தவுடன் அவர் ஓர் அறையில் இருக்கிறார், ஒரு காட்டில் இருக்கிறார், யாரோ அவரைப் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். இரண்டு ஷாட்டை ஒட்டினால் இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று மனசு தானாகவே நிரப்பிக்கொள்கிறது. ஆகவே நடனப் படத்தில் கதை வேண்டுமா வேண்டாமா என்று நாம் அடித்துக்கொள்வதில் பாதி வீண். வேண்டாம் என்றாலும் அது வரும். வருகிற கதைக்கு யார் பொறுப்பு என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அமெரிக்காவில் சோதனைப் படங்கள் எடுத்த மாயா டெரன் 1945இல் எடுத்த ஒரு குறும்படம் மூன்று நிமிடம்கூட ஓடாது. ஆடுபவர் டாலி பீட்டி. மரங்களுக்கு நடுவே காலைத் தூக்குகிறார். அந்தக் கால் இறங்கும்போது ஒரு வீட்டு அறைக்குள் இறங்குகிறது. அசைவு அறுபடவில்லை, உலகம்தான் மாறிவிட்டது. பாத்திரம் கிடையாது, சம்பவம் கிடையாது. ஆனாலும் முதல் தடவை பார்த்தபோது எனக்கு நெஞ்சு ஒருகணம் நின்றது. எங்கேயோ இருந்துகொண்டு வேறெங்கேயோ கால் வைக்க ஏங்காத மனிதர் உண்டா? அந்த ஒரு ஷாட் மாற்றத்தில் அந்த ஏக்கம் முழுசாக இருக்கிறது. 1953இல் நியூயார்க்கில் கவிதையும் சினிமாவும் பற்றி நடந்த ஒரு கூட்டத்தில் டெரன் இதைப் பற்றிப் பேசினார். கதை கிடைமட்டமாக நகரும், அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று. கவிதை செங்குத்தாக இறங்கும், இந்தக் கணத்துக்குள் என்ன இருக்கிறது என்று.

நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. அகப்பாடல் படித்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். தலைவிக்குப் பெயர் கிடையாது, தலைவனுக்குப் பெயர் கிடையாது. முன்கதை சொல்லப்படாது, முடிவும் சொல்லப்படாது. ஒரு கணம், ஒரு நிலம், ஒரு பொழுது, ஒரு குரல். கீழே 'தோழி கூற்று' என்று இரண்டு சொல். யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் போதும், மீதிக் கதையை நாமே கட்டிக்கொள்கிறோம். நடனப் படத்துக்கும் அந்த இரண்டு சொல் அளவுக்குத்தான் கதை தேவை என்று நினைக்கிறேன். ஆனால் அது கட்டாயம் தேவை. அது இல்லாவிட்டால் அழகான உடம்புகள் அழகான வெளிச்சத்தில் அசைந்துகொண்டே இருக்கும், பார்க்கிறவன் கை போனைத் தேடும்.

அனிமேஷன் கலைஞர் நார்மன் மெக்லாரன் 1968இல் கனடாவில் எடுத்த 13 நிமிடப் படம் ஒன்று. கருப்புப் பின்னணி, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம், ஓர விளிம்பு மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரியும் இரண்டு உடல்கள். ஒரே அசைவை, படச்சுருளை மறுபடி படம்பிடிக்கும் ஆப்டிகல் பிரிண்டரில் பதினொரு தடவைவரை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, கை போன பாதை முழுக்க விசிறிபோல விரியும்படி செய்தார். தொழில்நுட்பமாக அவ்வளவு வேலை. கதையோ ஒரு வரி: தன் நிழலோடு ஆடிக்கொண்டிருந்தவள் இன்னொருவனைச் சந்திக்கிறாள். அந்த ஒரு வரி இல்லாதிருந்தால் அந்த விசிறிகள் எல்லாம் வெறும் வித்தையாகப் போயிருக்கும்.

அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் பக்கம் நிற்பவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். அசைவு அசைவாகவே இருக்கட்டும், எதையும் சொல்ல வேண்டாம் என்றவர் அவர். காசைச் சுண்டிப்போட்டு எந்த அசைவுக்குப் பிறகு எது என்று முடிவுசெய்தவர். 1970களிலிருந்து படமெடுப்பவரான சார்லஸ் அட்லஸோடு சேர்ந்து கேமராவுக்காகவே நடனங்கள் அமைத்தார். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. கதையைத் தள்ளிவைப்பது அவருக்கு ஒரு கடுமையான ஒழுக்கம். அந்த ஒழுக்கம் இருக்கிறவர் கதவைச் சாத்தியிருப்பார். நாங்கள் திறந்துவைத்துவிட்டு, கதை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அடுத்து நாங்கள் செய்த தப்பு இன்னும் பெரிது. கேள்விக்குப் பயந்து பின்னணிக் குரல் சேர்த்தோம். அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி நாலு வரி. ஐந்தாவது தடவை, கை மட்டும் எழும் இடத்தில், 'அம்மா' என்ற சொல் வந்து விழுந்தது. அதுவரை அந்தக் கை எதுவாகவும் இருந்தது: தடுப்பது, கேட்பது, விடைகொடுப்பது. சொல் விழுந்தபிறகு அது ஒரே பொருளுக்குச் சுருங்கிவிட்டது. தோழி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று இரவே குரலை எடுத்துவிட்டேன்.

ஜெர்மன் நடன அமைப்பாளர் பீனா பௌஷ் கதையைக் கையாண்ட விதம் இதற்கு நேர் எதிர். ஆடுபவர்களிடம் கேள்வி கேட்பார். அவர்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்து அசைவாலும் சொல்லாலும் பதில் தருவார்கள். அதிலிருந்து நடனம் பிறக்கும். கதை அடியில் உரமாகப் போய்விடுகிறது, மேலே செடிதான் தெரியும். அவர் 2009இல் மறைந்தார். 2011இல் விம் வெண்டர்ஸ் எடுத்த முப்பரிமாணப் படத்தில் அவருடைய நடனக் கலைஞர்கள் ஒவ்வொருவராகக் கேமரா முன் வாய்திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், அவர்கள் குரல் மட்டும் கேட்கும். அங்கே குரல் அசைவை மூடவில்லை, ஏனென்றால் அந்த முகங்கள் அப்போது ஆடவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த நாலு வரியை எழுதியே இருக்கமாட்டேன்.

அடுத்த மாதம் அதே நாற்காலி நடனத்தை மறுபடி படம்பிடிக்கிறோம். அதே அறை. இந்த முறை தோழிக்கு ஒத்திகை தொடங்கும் முன்பே ஒரு கேள்வி இருந்தது: "கதவைத் திறந்து வைக்கவா, சாத்திடவா?" முழு நாளும் அதைப் பற்றியே பேசினோம். ஆறு தடவை சாத்தியே இருக்கட்டும் என்று முடிவாகியிருக்கிறது. ஏழாவது தடவை அவள் எழும்போது, ஃபிரேமுக்கு வெளியே, கதவின் சத்தம் மட்டும்.