பொதிகையில் சூரியன் உதிப்பதில்லை

நான் நெல்லை மாவட்டத்து முக்கூடல் பக்கத்தில் வளர்ந்தவள். எங்களுக்குப் பொதிகை மலை மேற்கே. சூரியன் அங்கே போய் அடையும், அங்கிருந்து எழும்பாது. ஆனாலும் எட்டாம் வகுப்பு வரை நான் வரைந்த எல்லாப் படத்திலும் இரண்டு மலைக்கு நடுவில்தான் சூரியன் உதித்தது. கீழே ஓட்டு வீடு, ஒரு தென்னை, மேலே நாலு பறவை. அதற்குப் பரிசும் வாங்கியிருக்கிறேன்.

அதை நிறுத்தியவர் எங்கள் ஓவிய சார். 2012-ல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்களே, அப்படி வந்தவர். வாரத்துக்கு மூன்று அரைநாள்தான் வேலை. என் நோட்டைப் பார்த்துவிட்டு, "சூரியன் எங்கம்மா உதிக்கு? வெளிய போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

அன்று சாயங்காலம் அம்மாவை வரைய உட்கார்ந்தேன். மடியில் சொளவு என்கிற முறம், பீடி இலை, தூள். அவள் கண் தெருவில் இருக்கும், பேச்சு பக்கத்து வீட்டு அத்தையோடு இருக்கும், விரல் மட்டும் தன்பாட்டுக்கு இலையைச் சுருட்டி நூலைக் கட்டும். பிறந்ததிலிருந்து பார்த்த கை. ஆனால் கட்டைவிரல் எந்தப் பக்கம் மடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அழித்து அழித்துத் தாளே கிழிந்துபோனது. "ஏட்டி, என்னைய எதுக்கு வரையுத? ஒரு பிள்ளையார் வரையலாம்லா" என்றாள்.

அப்புறம் பத்தாம் வகுப்பு வந்தது, படம் போனது. பதினொன்றில் ரெக்கார்டு நோட்டு வந்ததும் பாதி வகுப்புக்குச் செம்பருத்திப் பூவை நான்தான் வரைந்து கொடுத்தேன். அதற்கு மட்டும் யாரும் ஏசவில்லை, மதிப்பெண் உண்டே. இன்று நினைத்தாலும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

திருப்புடைமருதூர்க் கோயிலுக்கு ஆச்சியோடு வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் போவேன். ஆற்றில் குளிப்போம், சாமி கும்பிடுவோம், திரும்பிவிடுவோம். அந்தக் கோபுரத்துக்குள் ஐந்து நிலையிலும் சுவர் நிறைய ஓவியம் இருக்கிறது என்று எனக்கு இருபது வயதில்தான் தெரிந்தது. கப்பலில் குதிரைகள் வந்து இறங்குகிற காட்சியின் முன்னால் நெடுநேரம் நின்றேன். அதை வரைந்தவர் குதிரையை எத்தனை நாள் பார்த்திருப்பார்! இவ்வளவு பக்கத்தில் இருந்ததை ஏன் ஒருவர்கூட எங்களுக்குக் காட்டவில்லை?

அரசு கவின்கலைக் கல்லூரி சென்னையிலும் கும்பகோணத்திலும்தான் இருக்கிறது. நெல்லைப் பிள்ளைகளுக்கு இரண்டுமே தூரம். சரி, அதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு பள்ளிக்கும் முழுநேர ஓவிய ஆசிரியர் வேண்டும். அந்த வகுப்பைக் கணக்குக்குக் கொடுக்கக் கூடாது. வரைகிற பிள்ளையைப் போட்டி போட்டியாக இழுத்துக்கொண்டு அலையாதீர்கள். பரிசு வாங்கிய படத்தையே அது திரும்பத் திரும்ப வரையும், நான் அப்படித்தான் வரைந்தேன். வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போய் உட்காரவையுங்கள், போதும்.

இப்போதும் அம்மாவின் கையைத்தான் வரைகிறேன். கட்டைவிரல் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. போன வாரம் நான் தாளை எடுத்ததும், அவளே சொளவைத் தூக்கிக்கொண்டு வெளிச்சம் விழுகிற பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.