டூர் ஆல்பம்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும். நம் சேலத்து வாய்க்கால் தூர்வாருவதைப் பற்றிப் பேச, மொராக்கோ போனபோது எடுத்த அரை டஜன் படங்கள் காட்டினேன். "டூர் ஆல்பமா சார்?" என்றார் ஒருவர். சபையே சிரித்தது. "அவர்களுக்கு ஆண்டவன் சோலையைக் கொடுத்தான், சேலத்துக்குச் சாக்கடையைக் கொடுத்தான்" என்று இன்னொருவர் முடித்துவைத்தார். டீ வந்துவிட்டது.

ஆண்டவன் கொடுக்கவில்லை ஐயா. அதைச் சொல்லத்தான் அந்தப் படங்கள்.

மொராக்கோவில் அட்லஸ் மலையை 2,260 மீட்டர் உயரக் கணவாயில் கடந்து, திரா ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கினோம். இரண்டு பக்கமும் மொட்டைப் பாறை. நடுவே மணிக்கணக்காகப் பேரீச்சந்தோப்பு. அதன் நிழலில் மாதுளை, அத்தி. அதற்கும் கீழே பார்லியும் நம் ஊர்க் குதிரைமசால் தீவனமும். கடைசி வரப்பைத் தாண்டிக் காலை வைத்தால் பாலைவனம். ஆற்றிலிருந்து வெட்டிய மண் வாய்க்கால்களில் முறை வைத்துத் தண்ணீர் பாய்கிறது. தூர்வாராவிட்டால் மணல் மூடிவிடும். பேரீச்சை காய்ப்பதற்குக்கூட ஆண் பூவைக் கொண்டுபோய்ப் பெண் பாளையில் கட்ட ஆள் மரமேற வேண்டும். எல்லாம் கை வேலை. திரும்பவும் சொல்கிறேன், கை வேலை.

அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள சகோரா ஊரில், சகாராவுக்கு அப்பால் போக ஒட்டகத்தில் எத்தனை நாள் என்று சொல்லும் 'திம்புக்துவுக்கு 52 நாள்' பலகை அருகே நான் இளித்துக்கொண்டு நின்ற படத்தையும் சேர்த்தது என் தப்புதான். ஒப்புக்கொள்கிறேன்.

"அங்கேயும் ஆறு வறண்டுதானே கிடக்கிறது?" என்பீர்கள். ஆமாம். 1972 முதல் மேலே அணை இருக்கிறது, திறந்துவிட்டால்தான் கீழே தண்ணீர். தர்ப்பூசணிக்காக நிலத்தடி நீரையும் உறிஞ்சுகிறார்கள். வறண்ட ஊரிலேயே வாய்க்காலைக் காக்கிறார்கள் என்றால் நமக்கு என்ன கேடு? "உங்களிடம் பணம் இருக்கிறது, போனீர்கள்" என்பவர்களுக்கு: முப்பத்திரண்டு வருட வேலையின் பணம். கணக்குக் காட்ட வேண்டுமா?

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, இந்த ஊருக்குள்ளேயே ஓடிக் காவிரிக்குப் போகிறது. என் அப்பா அதில் குளித்தவர். "துவைத்த வேட்டி மணலிலேயே காய்ந்துவிடும்" என்பார். நான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பாலம் கடக்கிறேன். பாலைவனத்துக்கார விவசாயி ஒருவர், "உங்கள் ஊரில் ஆறு உண்டா?" என்று வழிகாட்டி மூலம் கேட்டார். உண்டு என்றேன். "அப்படியானால் தோப்பும் இருக்குமே" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் சொல்ல நினைத்தேன், அதற்குள் சிரித்துவிட்டீர்கள். சிரித்தவர்களில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவரும் இருந்தார். அவரை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

அங்கிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழத்தை மட்டும் யாரும் கேலி செய்யவில்லை. தட்டு காலி. ஆல்பம் என்றவர் இரண்டு பிடி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கொட்டைகளை எங்கே துப்பினார் என்று நினைக்கிறீர்கள்? அதே வாய்க்காலில்.