முகமே காட்டாத நடிகன்

திருகோணமலையில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் என்று சொன்னால் கதை நேரே சுவாமி மலையடிக் கடலுக்குப் போய்விடும். 1956இல் மைக் வில்சனோடு அங்கே சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களைக் கண்டவர் அல்லவா! ஆனால் அவர் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கோடு சேர்ந்து எழுதிய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) படத்தில் இன்னொருவரையும் நாங்கள் கொண்டாட வேண்டும். விண்கலத்தை நடத்தும் ஹால் 9000 என்ற கணினிக்குக் குரல் கொடுத்த கனடிய மேடை நடிகர் டக்ளஸ் ரெயின்.

அவருடைய முகம் படத்தில் ஒரு இடத்திலும் இல்லை. மொத்த ஒலிப்பதிவும் ஏறத்தாழ பத்து மணித்தியாலம்தான். அந்தப் பத்து மணித்தியாலத்தில் அவர் செய்ததை, வருடக்கணக்காக இயந்திரக் குரல் பேசுகிறவர்கள் இன்னும் செய்யவில்லை என்பது என் கருத்து.

அந்தக் குரல் லேசில் கிடைக்கவில்லை. படப்பிடிப்பில் முதலில் நைஜல் டேவன்போர்ட் வசனம் வாசித்தார். அவருடைய ஆங்கிலேய உச்சரிப்பு இடைஞ்சலாக இருந்தது. பிறகு உதவி இயக்குநர் வாசித்துச் சமாளித்தார். மார்ட்டின் பால்சம் முழுவதையும் பதிவு செய்து கொடுத்தும், அமெரிக்கப் பேச்சுவாடை தூக்கலாக இருந்ததால் குப்ரிக் அதையும் விட்டார். ரெயினை முதலில் எடுத்தது கதைசொல்லிக்காக. கதைசொல்லியே வேண்டாம் என்று முடிவான பிறகுதான் 1967 கடைசியில் ஹால் அவரிடம் வந்தது. படத்தின் ஒரு காட்சியைக்கூட அவர் பார்க்கவில்லை. குப்ரிக் மூன்றடி தள்ளி இருந்து மற்றப் பாத்திரங்களின் வசனத்தை வாசிக்க, இவர் வெறுங்காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு பேசினார். உடம்பு இறுகினால் தொண்டையும் இறுகும், கேட்கிறவனுக்கு அது உடனே தெரியும்.

எங்கள் ஊரில் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். இயந்திரம் பேச வேண்டுமென்றால் உடனே எழுத்தெழுத்தாக வெட்டிப் பேசுகிறீர்கள், மேலே தகர ஒலி சேர்க்கிறீர்கள். அதோடு பயம் போய்விடுகிறது. ஹால் பேசுவது சாதாரணப் பேச்சு. வெளியே நிற்கும் விண்வெளி வீரர் டேவுக்குக் கலத்தின் கதவைத் திறக்க மறுக்கும்போதும் மன்னிப்புக் கேட்டு, பெயர் சொல்லி, மரியாதையோடு மறுக்கிறது. அதை எங்கள் தமிழில் நினைத்துப் பாருங்கள்: "மன்னிக்கோணும் டேவ், அது என்னால ஏலாது." 'ஏலாது' என்பதில் அழுத்தம் போட்டால் அது சண்டை. மற்றச் சொற்களின் அதே அளவில் விட்டால்தான் உடம்பு சில்லிடும். நீங்கள், வாங்கோ என்று தொடங்கியதைக் கடைசிவரை மாற்றவும் கூடாது.

பதிவு செய்யும்போது மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் ப, ட எழுத்துகள் வெடிக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். கச்சான் அடிக்கிற மாதங்களில் ஜன்னல் அதிரும், அதனால் உள்ளறையில் சுவரோடு மெத்தையைச் சாய்த்துவிட்டு இரவில் பதியுங்கள். எதிரொலி சேர்க்கவே வேண்டாம். ஹால் எந்த அறையில் பேசினாலும் காதுக்குப் பக்கத்தில் பேசுவதுபோலத்தான் இருக்கும். வசனத்துக்கு இடையில் கேட்கும் மூச்சை வெட்டிவிடுங்கள், ஆனால் அந்த இடைவெளியின் நீளத்தைக் குறைக்காதீர்கள்.

இனி ஹாலின் இயக்கத்தை டேவ் நிறுத்தும் காட்சி. டேவ் ஒவ்வொரு பாகமாகக் கழற்ற, ஹால் தனக்குப் பயமாக இருக்கிறது என்கிறது. ரெயின் அதைப் பயந்த குரலில் சொல்லவே இல்லை! ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், அவ்வளவுதான். நெஞ்சைப் பிசைவது அந்தத் திரும்பச் சொல்லல்தான். முடிவில் ஹால் பாடும் 'டெய்சி பெல்' 1892ஆம் ஆண்டுப் பாட்டு. பெல் ஆய்வுகூடத்தில் ஐபிஎம் 704 கணினி அதைப் பாடக் கிளார்க் நேரிலே கேட்டிருந்தார். ரெயினை ஏறத்தாழ ஐம்பது தடவை, வேறு வேறு சுருதியில், வெறும் முனகலாகக்கூடப் பாடவைத்துவிட்டு, குப்ரிக் படத்தில் வைத்தது முதல் தடவை பாடியதை.

பாட்டு போகப்போகச் சுருதி இறங்கி, வேகமும் தளர்ந்து அடங்கும். நீங்கள் கணினியில் இதைச் செய்வதானால் சுருதியையும் வேகத்தையும் தனித்தனியாக இறக்குங்கள். இரண்டையும் ஒன்றாக இழுத்தால் பற்றரி குறைந்த கசெட் மாதிரிக் கேட்கும், சிரிப்பு வரும். முதல் வரியைத் தொடவே வேண்டாம். ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வரிக்கு வரி கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, சொற்கள் புரியாமல் போகும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள்.