வால் எங்க?

நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு கூட்டாளி ஒருத்தன் எங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு செய்தியப் போட்டான். "லே மக்கா, அரபிக்கடல்ல வாத்து மூக்கு வச்ச பாம்பு கெடச்சிருக்காம், பாத்தியளா"ன்னு. செய்தி பழசுதான், 2024லயே வந்தது. ஆனா குரூப்புக்கு அது புதுசு. பாதி பேரு "கடலுக்கடியில கெடக்கதெல்லாம் மேல வருது, உலகம் முடியப்போவுது"ன்னு ஆரம்பிச்சாச்சு. மீதி பாதி "இதெல்லாம் எங்க தாத்தா காலத்துலயே வலை மடியில ஏறுனதுதான், இவனுவ என்னத்தக் கண்டுபிடிச்சானுவ"ன்னு. நானும் ரெண்டாவது கட்சியில ரொம்ப நாள் இருந்தவன்தான். இப்ப இல்ல. ஏன் இல்லன்னு அந்தக் குரூப்ல எழுதுனா நாலு வாய்ஸ் நோட்டு வந்து மூடிரும், அதனால இங்க எழுதுறேன்.

மொதல்ல அந்த மீனச் சொல்லிருதேன். பாம்பு கெடையாது, விலாங்கு. பேரு ஃபாசியொலெல்லா ஸ்மித்தி. கொச்சி காளமுக்கு துறைமுகத்துல எறங்குன ஆழ்கடல் டிராலிங் மீனுக்குள்ள இருந்து எடுத்தது, 260 மீட்டர்ல இருந்து 460 மீட்டர் ஆழம். நம்ம கணக்குல சொன்னா 140 பாகத்துல இருந்து 250 பாகம். மேல பழுப்பு, வயிறு பால் வெள்ளை, மூக்கு நீட்டமா சப்பையா இருக்கும், நெஞ்சுத் துடுப்பு கெடையாது. காளமுக்குன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு, ஏன்னா கொச்சித் துறைமுகங்கள்ல நின்னு பாத்தா பாதிப் பேச்சு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பேச்சாத்தான் இருக்கும், ஆழ்கடல்ல தங்கி வேல செய்யிறதுல தூத்தூர் பக்கத்து எட்டு ஊரும் அப்பிடி. அந்த மடிய இழுத்ததுல நம்ம மாவட்டத்துக் கை ஒண்ணாவது இருந்திருக்கும்னு நான் நெனச்சுக்கிடுவேன், நிரூபிக்க முடியாது, ஆனா நெனச்சுக்கிடுவேன்.

நான் மீன் படிச்சவன் இல்ல. பதினேழு வருசமா ஹார்பர்ல ஐஸ் கணக்கு எழுதுறவன். எந்த போட்டு எத்தனை பார் ஐஸ் ஏத்துச்சு, எவன் பாக்கி வச்சிருக்கான், அதுதான் நம்ம ஆராய்ச்சி. ஆனா ஆழ்கடல் போட்டு வந்தா மட்டும் நோட்ட மூடிட்டு எறங்கிப் போயிருவேன். 1999, 2000 வாக்குல கொல்லத்துக்கு வெளிய ஆழத்துல எறா இருக்குன்னு கேரளாக்காரன் பெருசா எறங்குனான், பொறவு நம்ம போட்டுகளும் எறங்காம இருக்குமா. ரெட் ரிங்னு ஒரு எறா உண்டு, செக்கச்செவேல்னு இருக்கும், அதுக்கு நல்ல ரேட்டு. அந்த எறாவுக்கு அறிவியல் பேரு ஆல்காக்குங்கிற ஒரு வெள்ளைக்கார டாக்டர் பேர்ல இருக்கு. 1880கள் கடைசியில இன்வெஸ்டிகேட்டர்ங்கிற கப்பல்ல ஏறி நம்ம கடல்ல ஆழத்து மீனையெல்லாம் தூக்கிப் பாத்து எழுதி வச்ச மனுசன், அதுல விலாங்கே ஏகப்பட்டது. இன்னைக்கும் இந்தப் பக்கம் மடியில ஏறுற ஆழத்து விலாங்கு சிலதுக்கு அவரு வச்ச பேருதான் ஓடுது. நூத்தி முப்பது வருசம் கழிச்சும் பேரு இல்லாததும் அதே மடியில ஏறுது.

எறா வேணும்னு இழுக்குற மடியில எறா மட்டுமா வரும். குவிச்சுத் தட்டுனா கண்ணு பெருசா கருத்த மீனு, சிங்கிறால் குஞ்சு, வெளிச்சத்துக்குப் பச்சையா மின்னுற சின்னச் சுறா, அதுக்கெடையில கயிறு மாதிரி சுருண்டு கெடக்க விலாங்குக. பொம்பளைக குத்த வச்சு உக்காந்து தரம் பிரிப்பாங்க, கை பாட்டுக்கு ஓடும், எறா ஒரு கூடை, கணவாய் ஒரு கூடை, மிச்சமெல்லாம் கழிவு. ராமேஸ்வரம் பக்கம் சங்காயம்னு சொல்லுவாங்க. அது லாரி ஏறி மீன்மாவு ஆகி கோழித்தீவனத்துக்குப் போவும். நீங்க ஞாயித்துக்கிழமை தின்ன கோழி உலகத்துல யாருமே பேர் வைக்காத ஒரு விலாங்கத் தின்னு வளந்திருக்கலாம், சும்மா சொல்லல, நெசமாவே இருக்கலாம்.

இப்ப என் கதைக்கு வாறேன். 2019, மழைக்காலம் முடிஞ்ச சமயம். காலைல நாலரை மணி, மஞ்ச பல்பு வெளிச்சம், கழிவுக் குவியல்ல ஒண்ணு கெடக்கு. ஒன்றரை முழம் நீளம். சாம்பல் நெறம், ஆனா தலையத் திருப்புனா ஒரு பக்கம் லேசா ரோஸ் கலர் அடிக்கும். கண்ணு கண்ணாடிக் கோலி மாதிரி. வாயப் பெளந்து பாத்தேன், மேல் அண்ணத்துக்கு நடுவுல ஒரே வரிசையா பல்லு, கடைசிப் பல்லு தொண்டைக்குள்ள போற மாதிரி. தோல்ல செதிள் ஒண்ணும் தட்டல, வெரல் வழுக்கிட்டே போவுது. தலையிலயும் தாடையிலயும் ஊசி குத்துன மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. நான் இத்தனை வருசத்துல பாக்காதது. போனை எடுத்து ஒரு போட்டோ, அப்புறம் கையில தூக்கிப் பிடிச்சு ஒரு போட்டோ. ஒரு கவர்ல சுத்தி ரெண்டு கட்டி ஐஸ் போட்டு வீட்டுக்குக் கொண்டு போனேன்.

ஃபிரீசர்ல வச்சது எங்க வீட்டுக்காரிக்குத் தெரியாது. ரெண்டாவது நாள் கரண்ட்டு கட், மத்தியானம் வரைக்கும். ஃபிரீசரத் தொறந்தவ கத்துன கத்து தெருவுக்கே கேட்டுச்சு. நான் வாறதுக்குள்ள அது தெங்குமூட்டுல குழி தோண்டிப் பொதைச்சாச்சு. "வீட்டுக்குள்ள பாம்பக் கொண்டு வைக்கியளே, ஒங்களுக்கு புத்தி உண்டா"ன்னு கேட்டா. பதிலில்ல என்கிட்ட. அந்தத் தென்னை இப்ப நல்லாக் காய்க்குதுங்கிறது வேற விசயம்.

சரி போட்டோ இருக்கேன்னு, மீன் பத்திப் படிக்கிற ஒரு தம்பி ஹார்பருக்கு அளவெடுக்க வாறவன், அவன்கிட்டக் காட்டுனேன். ரொம்ப நேரம் பெருசாக்கிப் பாத்தான். அப்புறம் கேட்டான், "அண்ணா, வால் எங்க?"

வால் இல்ல. ரெண்டு போட்டோலயும் இல்ல. மொதல் போட்டோல வால் குவியலுக்குள்ள கெடக்கு, ரெண்டாவதுல என் கைக்குள்ள இருக்கு. நான் தலையைத்தான் எடுத்திருக்கேன், பல்லத்தான் எடுத்திருக்கேன், பயங்கரமா இருக்கதத்தான் எடுத்திருக்கேன். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுற விலாங்குன்னு நம்ம பழமொழி சொல்லுதுல்ல, எனக்கு அது தலையைக் காட்டிட்டுப் போயிருச்சு.

அந்தத் தம்பி அப்ப உக்காந்து சொன்னதுதான் என்னைக் கட்சி மாத்துனது. பாம்பு விலாங்கு வகையில நெறையதுக்கு வால் நுனி துடுப்பு இல்லாம ஆணி மாதிரி கட்டியா இருக்குமாம், பின்பக்கமாவே மணல்ல குத்தி எறங்குறதுக்கு. மத்த குடும்பங்கள்ல நெறையதுக்கு முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் வாலச் சுத்தி ஒண்ணாச் சேந்துரும். அந்த ஒண்ணு தெரிஞ்சாத்தான் எந்தக் கூட்டத்துல தேடணும்னே தெரியும். விலாங்குன்னு உலகத்துல ஆயிரம் வகைக்குப் பக்கத்துல இருக்கு, எல்லாம் தூரத்துல இருந்து பாத்தா ஒரே கயிறு. அதனால முதுகுத் துடுப்பு எங்க ஆரம்பிக்குது, மலத்துவாரம் எங்க, தலையில இருக்க அந்த ஓட்டைக எத்தனை, ஒடம்போரமா போற கோட்டுல எத்தனை துளை, இதெல்லாம் எண்ணணும். எக்ஸ்ரே எடுத்து முதுகெலும்புக் கண்ணியை ஒண்ணொண்ணா எண்ணணும், அது நூறுக்கு மேல இருக்கும், சிலதுல எரநூறும் தாண்டும். எண்ணி முடிச்சு இதுக்கு முன்ன யாரு யாரு என்னென்ன எழுதியிருக்கான்னு பழைய புஸ்தகத்தையெல்லாம் தோண்டி, மியூசியத்துல ஊறப்போட்டிருக்க பழைய மீனோட ஒப்பிட்டுப் பாத்து, ஜீனும் பாத்து, எதோடயும் ஒத்துப்போகலன்னாத்தான் புதுசுன்னு சொல்ல முடியும். அப்பவும் ஒரு மீனைத் தனியா எடுத்து நம்பர் போட்டு பாட்டில்ல வைக்கணும், நாளைக்கு எவனாவது சந்தேகப்பட்டு வந்தா எடுத்துக் காட்டுறதுக்கு.

இன்னொண்ணும் சொன்னான். ஃபார்மலின்ல போடுறதுக்கு முன்ன ஒரு துண்டு சதை வெட்டி ஆல்கஹால்ல வைக்கணுமாம், ஃபார்மலின் பட்டா ஜீன் பாக்குறது பாடு. கலரும் போயிரும், அதனால ஃபிரெஷ்ஷா இருக்கப்பவே போட்டோ. நான் சாம்பல், ரோஸ்னு சொன்னத அவன் நோட்டுல எழுதிக்கிட்டான், அப்புறம் "இத வச்சு ஒண்ணும் செய்ய முடியாதுண்ணா"ன்னு மரியாதையாச் சொன்னான்.

அப்ப எங்க தாத்தா கண்டதுக்கு மதிப்பில்லையாலேன்னு கேப்பீங்க. உண்டு. மலையையும் கோயில் கோபுரத்தையும் வச்சுக் கணியம் பாத்து, தண்ணிக்கடியில கெடக்க பாறைத்திட்ட, நாங்க பாருன்னு சொல்லுவோம், இன்ன எடம்னு சொன்ன ஆளுக அவங்க, நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம்னு தண்ணியத் தொட்டே சொல்லுவாங்க. சாளையில எத்தனை தரம், நெத்திலியில எத்தனை தரம்னு பேரு வச்சவங்க. ஆனா விக்கிற மீனுக்குத்தான் அவங்க பேரு வச்சாங்க. பாருக்குள்ள கெடக்கதுக்கு அஞ்சாளைன்னு ஒரு பேரு இருக்கு, கொளத்துல கெடக்கதுக்கு விலாங்கு. இரநூறு பாகத்துல இருந்து வாறதுக்கு? பாம்பு. இருவது வகை வந்தாலும் எல்லாம் பாம்பு, தூக்கிப் போடு. இத அறிஞ்சதுன்னு எப்பிடிச் சொல்ல? கண்டது சரிதான், எண்ணல.

அதே நேரம் அந்தப் பக்கத்துலயும் எனக்கு ஒரு கடுப்பு உண்டு. ஃபாசியொலெல்லாங்கிறது இத்தாலிக்காரர் ஒருத்தர் பேரு, ஸ்மித்தி அமெரிக்காவுல விலாங்கு ஆராய்ச்சி பண்ணுன டேவிட் ஸ்மித்துக்காக வச்சது. ஸ்மித் தகுதியான ஆளுதான், விலாங்கு பத்தி எவன் எழுதுனாலும் அவரு பேரு இல்லாம முடியாதாம், அதுல எனக்குச் சண்டை இல்ல. ஆனா 2023ல கடலூர் முடசலோடையில எறங்குன மீன்ல இருந்து ஒரு அஞ்சாளையக் கண்டுபிடிச்சு ஜிம்னோதொராக்ஸ் தமிழ்நாடுயென்சிஸ்னு பேரு வச்சாங்க பாருங்க, அத வாசிச்சப்ப நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி இருந்துச்சு. மறுபடி மறுபடி சொல்லிப் பாத்தேன். ஒரு தடவையாவது குளச்சலோ முட்டமோ தேங்காப்பட்டணமோ அப்பிடி ஒரு மீனுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போனா என்ன?

அதுக்கு யாரும் பெருசா ஒண்ணும் செய்ய வேண்டாம். மேக்குக் கரையில ஜூன், ஜூலை ரெண்டு மாசம் தடை, போட்டெல்லாம் கரையில கெடக்கும், அப்ப தரம் பிரிக்கிற பத்து பேருக்கு ஒரு நாள் சொல்லிக் குடுத்தாப் போதும். ஏலக்கூடத்துல ஒரு மூலையில ஒரு டிரே, ஒரு அளவுகோல், ஒரு சின்ன ஃபிரீசர். கண்ணு பழகுன அந்தப் பொம்பளைகளுக்கு மேல ஒரு ஆராய்ச்சி உதவியாளர் எந்தக் காலேஜ்லயும் கெடைக்காது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் மீனு அவங்க வெரலுக்கெடையில போவுதுன்னு பாருங்க. பேப்பர் எழுதுறவங்க கடைசியில நன்றின்னு ஒரு பத்தி போடுவாங்கல்ல, அதுல அவங்க பேரையும் போடணும், அதுக்குக் காசா பணமா.

நான் என் அளவுக்கு ஒரு அக்காட்ட சொல்லி வச்சேன், அவங்க முப்பது வருசமா தரம் பிரிக்கிறவங்க. "எக்கா, பாம்பு மாதிரி எது கெடந்தாலும் வெட்டாம வச்சிருங்க, வாலோட வேணும்." மொதல்ல சிரிச்சாங்க. போன வாரம் விடியக்காலம் மூணே முக்காலுக்கு போன். "தம்பி, உறங்குதியா? ஒண்ணு கெடக்கு. வால் இருக்கு, நான் பாத்துட்டேன். சீக்கிரம் வா, லாரிக்காரன் நிக்கான்."

லுங்கியோட பைக்க எடுத்துட்டுப் போனேன். ஒரு சாக்கு மேல நீட்டிப் படுக்கப் போட்டு, பக்கத்துல அளவுக்குன்னு அவங்க மீன் வெட்டுற கத்தியையும் வச்சிருந்தாங்க. தலை ஒண்ணு, பல்லு ஒண்ணு, மொத்தமா ஒண்ணு, வாலு மட்டும் மூணு போட்டோ எடுத்து அந்தத் தம்பிக்கு அனுப்புனேன். எட்டு மணிக்குப் பதில் வந்துச்சு. ஏற்கனவே பேரு இருக்க மீன்தானாம், இந்தக் கரையில அடிக்கடி வாறதாம். ஆனா கீழ இன்னொரு வரி போட்டிருந்தான், "அண்ணா, போட்டோ சூப்பர்."

அக்காட்ட போய்ச் சொன்னேன், புதுசு இல்லயாம்க்கான்னு. "அப்ப அந்தக் கத்திய எடுத்துத் தா, நேரமாவுது"ன்னாங்க.