நாலு நாள் பழகினா வெட்டிரலாமா ரப்பர்?

லீவுக்கு ஊருக்கு வந்திருக்கேன், கன்னியாகுமரி மாவட்டத்துல குலசேகரம் பக்கம். நேத்து ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில பக்கத்துல இருந்த ரப்பர் தோட்டக்காரர் ஒருத்தர், "வெட்டுக்கு ஆளே கிடைக்க மாட்டேங்குது, பட்டைய சீவுறதுக்கு என்ன பெரிய படிப்பா வேணும், நாலு நாள் பழகினா யாரும் வெட்டலாம், ஆனா கேக்குற கூலியப் பாரு"ன்னார். சாப்பாட்டு இலை முன்னாடி வச்சு பெரியவர்கிட்ட எதுத்துப் பேச மனசு வரல. அதான் இங்க எழுதுறேன்.

ரப்பர் வெட்டுன்னா மரத்தச் சாய்க்கிறது இல்ல, பட்டைய சீவி பால் எடுக்குறது. எங்கப்பா முப்பது வருசம் ரப்பர் வெட்டினவர். ராத்திரி மூணு மணிக்கு எந்திச்சு கட்டங்காப்பி குடிச்சுட்டு நெத்தியில லைட்ட மாட்டிட்டு இறங்கினா, வெயில் வர்றதுக்குள்ள முந்நூறு மரம் முடிச்சிருவார். ஏன் அந்த நேரம்னா வெயில் ஏற ஏற இலை வழியா தண்ணி போயிரும், பட்டைக்குள்ள பால்குழாய்ல அழுத்தம் குறைஞ்சிரும், பால் சீக்கிரமே நின்னுரும்.

ஸ்கூல் லீவுல நானும் கூடப் போவேன். போன வெட்டுக் கோட்டுல காய்ஞ்சு ஒட்டியிருக்குற பால் நாடாவ ஓரத்துல பிடிச்சு இழுத்தா நீளமா உரிஞ்சு வரும், அதுதான் ஒட்டுப்பால், அத கூடையில சேக்குறது என் வேலை. அப்புறம் அப்பா கத்திய வைப்பார். இடப்பக்கம் மேல இருந்து வலப்பக்கம் கீழ வரைக்கும், மரத்துல பாதிச் சுத்து, 30 டிகிரி சரிவு. சீவல் அவ்வளவு மெலிசா சுருண்டு விழும். வெட்டுன இடத்துல பால் முதல்ல புள்ளி புள்ளியா கசியும், அப்புறம் ஒரே கோடாச் சேந்து ஓடி தகரச் சில்லு வழியா சிரட்டையில சொட்டும்.

இதுல என்ன கஷ்டம்னு கேக்குறவங்களுக்கு சொல்றேன். பால்குழாய் அதிகமா இருக்குறது பட்டையோட உள்பக்கம். அதுக்கும் உள்ள மெல்லிசா ஒரு அடுக்கு இருக்கு, மரத்துக்கு புதுப்பட்டை போடுறதே அதுதான். கத்தி அதுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாடி நிக்கணும். மேலாக்க வெட்டினா பால் இல்ல, ஆழமா போனா காயம், அந்த இடத்துல பட்டை முண்டும் முடிச்சுமா வளரும், திரும்ப அங்க கத்தியே வைக்க முடியாது. இருட்டுல, வழுக்குற சரிவுல, முந்நூறு மரத்துலயும் அந்த ஒரு மில்லிமீட்டர் தப்பக் கூடாது! நட்டு ஏழு வருசம் காத்திருந்து, மரம் அரை மீட்டர் சுத்தளவு வந்த பிறகுதான் முதல் வெட்டே போடுறோம், அதுக்கப்புறம் இருபது இருபத்தஞ்சு வருசம் பால் தரவேண்டிய மரம் அது.

1876ல ஹென்றி விக்காம் பிரேசில்ல இருந்து 70,000 விதை கொண்டுபோய், லண்டன் கியூ தோட்டத்துல முளைச்ச கன்னுங்க இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்ததுதான் ஆசியாவுல ரப்பரோட ஆரம்பம். கன்னு வந்தா மட்டும் போதுமா? மரத்தக் காயப்படுத்தாம மெலிசா சீவி சீவி பால் எடுக்குற முறைய சிங்கப்பூர் தாவரத் தோட்டத்த நடத்தின ரிட்லி கண்டுபிடிச்ச பிறகுதான் தோட்டத் தொழில்னு ஒண்ணு உருவாச்சு. அந்த முறைய கையில எடுத்து மலேயாக் காடு பூரா பால்மரம் சீவினது நம்ம தமிழ் சனம். இன்னைக்கும் விமான டயருக்கு இயற்கை ரப்பர் இல்லாம ஆகாது, அந்த டயர் தொடங்குற இடம் இந்த சிரட்டைதான்.

எங்க வீட்டுக்கு அடுத்த தோட்டத்துக் கதை சொல்றேன். 2011ல ரப்பர் கிலோ 240 ரூபாய் பக்கம் போச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்ட வேண்டிய மரத்த தினமும் வெட்டச் சொன்னாங்க, வேண்டாம்னு சொன்ன பழைய ஆள நிறுத்திட்டு புது ஆள இறக்கினாங்க. கொஞ்ச வருசத்துல பட்டை மரத்துப்போச்சு, வெட்டினா பாலே வராது. 2016 தொடக்கத்துல விலை நூறுக்கும் கீழ வந்தப்ப அந்த மரமெல்லாம் வெட்டிச் சாய்ச்சு தடிக்குப் போச்சு. பாதி ஆயுசு கூட முடியல.

கூலி அதிகம்னு சொல்றவங்க கணக்க முழுசா போடணும். கன்னியாகுமரிக்கு ரெண்டு மழையும் உண்டு, ஆனியிலயும் பெய்யும் ஐப்பசியிலயும் பெய்யும். பட்டை நனைஞ்சா வெட்டு இல்ல, வெட்டு இல்லேன்னா கூலி இல்ல. மரத்துக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டினா மழையிலயும் வெட்டலாம், விலை குறைஞ்ச வருசம் அந்தச் செலவத்தான் முதல்ல நிறுத்துவாங்க. அப்புறம் தை மாசி இலையுதிர்வு, அப்பவும் வெட்டு இல்ல. புதுத் தளிர் வர்றப்ப இலைக்காம்புல தேன் சுரக்கும், மார்த்தாண்டம் தேனுக்குப் பெரிய ஆதாரமே அதுதான், ரப்பருக்குள்ள தேன்பெட்டி வரிசையா வந்து உக்காரும். தேன்காரருக்கு சீசன், எங்க வீட்டுல அந்த மாசம் கடன். மழைக்கும் இலையுதிர்வுக்கும் பாதிக் கூலியாவது கொடுத்து ஆளப் பிடிச்சு வைங்கன்னுதான் நான் கேக்குறேன். அடுத்த தலைமுறையில ஒருத்தனும் கத்தி எடுக்காததுக்கு காரணம் இதுதான், சோம்பேறித்தனம் இல்ல.

அப்பாவுக்கு இப்போ தோள் தூக்க முடியல, வெட்டு விட்டாச்சு. இன்னைக்குக் காலையில அவர் பழைய தோட்டத்துக்கு கூட்டிட்டுப் போனேன். அவர் வெட்டினப்புறம் வளந்த பட்டை கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கு, அதுல வேற ஒரு அண்ணன் இப்போ ரெண்டாம் வெட்டு வெட்டுறார். அப்பா ஒவ்வொரு மரமா கையால தடவிட்டே போனார். அந்தத் தோட்டக்காரரும் ஒருநாள் வந்து தடவிப் பாக்கட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்.