ஏக்கம் வேணும்னா முதல்ல ரிவெர்பைக் குறைங்க

இண்டி ஃபோக் காதல் பாட்டு என்றாலே மைனர் கார்டில் ஆரம்பித்து, குரல் முழுக்க ரிவெர்பை, அதாவது பெரிய மண்டபத்தில் பாடுவது போன்ற எதிரொலியை, போட்டு நிரப்புகிற வழக்கம் பரவிக்கிடக்கிறது. கேட்டால் "ஃபீல் வரணும்ல" என்பார்கள். வருவது ஃபீல் இல்லை, கல்யாண மண்டப மைக்செட். காதுக்குப் பக்கத்தில் ஒருத்தர் மெதுவாகப் பாடுவதுதான் இந்த வகைப் பாட்டின் உயிர். ரிவெர்ப் கூடக்கூட அந்த ஆள் தள்ளித் தள்ளிப் போய்விடுவார்.

ஆங்கில ஃபோக் பாடகர் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' ஆல்பம் 1971 அக்டோபரில் இரண்டே இரவில் பதிவானது. குரல், கிட்டார், தலைப்புப் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. அவ்வளவுதான்.

மைனர் கார்ட் கட்டாயமே இல்லை. கிட்டாரில் ஜி, இ மைனர் 7, சி ஆட் 9 கார்டுகளை வாசித்துப் பாருங்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் இரண்டாம், முதல் தந்திகளில் மூன்றாம் ஃப்ரெட்டை விட்டு எழவே கூடாது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும் நகரட்டும். மேலே டி, ஜி ஸ்வரங்கள் இரண்டும் அசையாமல் ஒலிக்க, கீழே பாஸ் மட்டும் மாறும். ஜி கார்டில் நிம்மதியாக இருந்த அதே டி, சி-க்கு மேலே வந்ததும் முடிவில்லாமல் தொங்கும். ஏக்கம் அங்கேதான் இருக்கிறது. சி ஸ்கேலில் பாடினால், எஃப் மேஜருக்கு அடுத்து எஃப் மைனர் ஒரே ஒரு முறை வரலாம். ஒவ்வொரு சரணத்திலும் போட்டால் சலித்துவிடும்.

புதுத் தந்தி வேண்டாம், சலங்கை மாதிரிக் கிணுகிணுக்கும். மைக்கை 12ஆம் ஃப்ரெட்டைப் பார்த்து 20–30 செ.மீ. தள்ளி வையுங்கள். கிட்டாரின் ஓட்டைக்கு நேரே வைத்தால் பாஸ் குமுறும்.

குரலை இரட்டிப்பதில்தான் பெரும்பாலோர் சொதப்புகிறார்கள். அமெரிக்கப் பாடகர் எலியட் ஸ்மித் குரலில் கேட்கிற அந்த மெல்லிய நடுக்கம், ஒரே வரியை இரண்டு தடவை பாடி ஒன்றின்மேல் ஒன்று வைத்ததால் வருவது. பதிவான டிராக்கையே காப்பி எடுத்து 10 மில்லிசெகண்ட் நகர்த்தினால் அது வராது. இரண்டும் ஒரே அலை என்பதால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று வெட்டி, குரல் தகர டப்பாவுக்குள் போய்விடும். சோம்பல் படாமல் இன்னொரு தடவை பாடுங்கள். அந்த இரண்டாவது டேக்கில் சொல் முடிவில் வரும் 'ச்', 'ட்', 'க்' எல்லாவற்றையும் பாதி விழுங்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வரி முடிவிலும் 'டட்', 'சச்' என்று இரண்டு முறை தெறிக்கும். இரண்டாவது டேக்கின் சத்தம் முதல் டேக்கைவிட 4–6 டெசிபல் குறைவாக இருந்தால் போதும்.

குரல்மேல் குரலாக அடுக்குவதென்றால் அமெரிக்காவின் விஸ்கான்சின் காட்டில் அப்பாவின் வேட்டைக் குடிலில் 2006–07 குளிர்காலத்தில் 'போன் ஈவர்' பாடகர் ஜஸ்டின் வெர்னன் செய்தது போல அடுக்கலாம். கள்ளக்குரலிலேயே (ஃபால்செட்டோ) பல டிராக். ஆனால் கள்ளக்குரலை உரக்கப் பாடினால் கீச்சிடும். மைக்குக்கு 10 செ.மீ.க்குள் வந்து, மூச்சும் கலந்து கேட்கும்படி பாட வேண்டும். 'ப' வெடிக்காமல் இருக்க, மைக்குக்கு முன்னால் வைக்கிற வலைத் தடுப்பு, பாப் ஃபில்டர் ஒன்று கட்டாயம்.

இவ்வளவு மெதுவாகப் பாடிய குரலை, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துகிற கம்ப்ரெசர் தூக்கும்போது அறையில் இருக்கிற மற்ற சத்தமும் சேர்ந்தே மேலே வரும். நாற்காலி கிறீச்சிட்டால் பரவாயில்லை, அழகுதான். ஃபேன் சத்தம் மட்டும் ஆகாது. பிறகு எடுக்க முயன்றால் மூச்சும் கூடவே போய்விடும். வேர்த்தாலும் சரி, பதிவு முடிகிற வரைக்கும் ஃபேனை நிறுத்தி வையுங்கள்.