மேலதிகாரி முதலில் பேசாத கூட்டம்

1971 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்க அதிபர் நிக்ஸன், சம்பளம், விலை, வாடகை எதையும் 90 நாட்களுக்கு ஏற்றக்கூடாது என்று அறிவித்தார். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட சம்பள உயர்வைக் கொடுக்கலாமா, வாடகையைக் கூட்டலாமா என்று நாடெங்கும் கேள்விகள் கிளம்பின. இதைச் சமாளிக்கும் பொறுப்பு அவசரகால ஆயத்த அலுவலகத்தின் தலையில் விழுந்தது. வாஷிங்டனும் வட்டார அலுவலகங்களும் ஒரே மாதிரி பதில் சொல்லியாக வேண்டும்.

அதற்காக அங்கே பணியாற்றிய மர்ரே டுராஃப் உருவாக்கியதுதான் எமிசாரி என்ற கம்ப்யூட்டர் அமைப்பு. போன் லைனில் கம்ப்யூட்டரோடு இணைந்த டெர்மினலில் ஒருவர் தட்டினால், வேறு ஊர்களில் இருப்பவர்களும் படித்துப் பதில் எழுதலாம். அதில் 'பார்ட்டி லைன்' என்று ஒரு வசதி. இன்றைய குரூப் சாட்டின் மூதாதை என்றே சொல்லலாம்.

என்னை அதிகம் ஈர்ப்பது டுராஃபின் முந்தைய வேலை. டெல்ஃபி என்றொரு முறை, 1950களில் ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது. நிபுணர்கள் பெயர் தெரியாமல் கருத்தை எழுதுவார்கள். தொகுத்ததைப் படித்துவிட்டு, வேண்டுமானால் மாற்றி எழுதுவார்கள். யார் சொன்னது என்பதே தெரியாததால் பதவிக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. 1970இல் டுராஃப் இதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தார். பிறகு நியூஜெர்சியில் அவர் அமைத்த 'ஐஸ்' (EIES) என்ற, கம்ப்யூட்டர் வழியே எழுதிப் பேசும் அமைப்பிலும் பெயரில்லாமலோ புனைபெயரிலோ எழுத இடம் இருந்தது. சமூகவியலாளர் ஸ்டார் ராக்ஸேன் ஹில்ட்ஸ் அதை ஆராய்ந்தார். நேரில் கூடும்போது ஓரிருவர் கையே ஓங்கிவிடுகிறது, எழுதிப் பேசும்போது பங்களிப்பு பரவலாகிறது என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு.

இதையெல்லாம் விட்டுவிட்டு நாம் வந்து சேர்ந்த இடம் எது? அலுவலக மீட்டிங் அறையை அப்படியே திரைக்குள் தூக்கி வைத்திருக்கிறோம். பெரியவர் முதலில் பேசுவார். "சார் சொல்றதுதான் கரெக்ட்" என்று நாலு குரல் வரும். விஷயம் தெரிந்த ஜூனியர் மைக்கை மியூட்டில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். மீட்டிங் முடிந்ததும் பக்கத்து சீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில், "இது நடக்காதுங்க, டேட்டாவே நம்மகிட்ட இல்ல" என்று அனுப்புவார். நான் வேலை செய்த இடங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ரொம்ப வருத்தமாக இருக்கும்.

பெயர் மறைத்தால் வசவும் வரும், உண்மைதான். ஆனால் டெல்ஃபியில் கருத்துகளைத் தொகுத்துத் தர ஒருவர் இருந்தார். அந்த வேலையைத்தான் இன்று யாருக்கும் கொடுப்பதில்லை.

டீம் லீடாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முக்கியமான முடிவுக்கு முன்னால் ஒருநாள் அவகாசம் கொடுத்து எல்லோரையும் எழுதச் சொல்லுங்கள். யார் எழுதியது என்று தெரியாமல் ஒருவர் தொகுக்கட்டும். நீங்கள் கடைசியாக எழுதுங்கள்.